முன்னறை நிறையச் சாமிகள்

என் சித்திக்கு மூன்று பிள்ளைகள். நடுவில் பிறந்தவள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனாள். கடைசிப் பையன் கப்பலில் சமையல் வேலைக்குப் போய், எந்தத் துறைமுகத்திலோ இறங்கி, அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். மூத்தவன் மட்டும் பிறந்த தெருவை விட்டு நகரவே இல்லை. எனக்கு இளையவன். தலை முழுக்க நரைத்துவிட்டது, இந்த அக்காவுக்கு இன்னும் தம்பிதான்.

ஊருக்கு அவன் 'மீட்டர்'. மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் குறித்து வரும் வேலை பார்த்தான். வேலை ஓய்ந்தும் பெயர் ஓயவில்லை, பழக்கமும் ஓயவில்லை. யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அவன் கண் முதலில் சுவிட்சுப் பலகைக்குத்தான் போகும். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால், கேட்காமலே போய் அணைத்துவிட்டு வந்து உட்காருவான். ஒரு முறை துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், "பட்டப்பகல்ல எதுக்குங்க இத்தனை லைட்டு?" என்று கேட்டு, செத்தவருடைய மகனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அப்படிப்பட்டவன் சுற்றுச்சூழல் சங்கத்துக்குத் தலைவரானதில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வியப்பில்லை. அது கோயில் சங்கமாகப் போனதுதான் வேடிக்கை. கோயிலுக்குப் போனால், செருப்பு விட்ட இடத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவன் அவன். பக்தியெல்லாம் அவன் பெண்டாட்டியின் இலாகா.

ஒரு நாள் கோயில் ஐயா, பூஜை முடிந்து பேசும்போது, இந்த மண்ணும் ஆறும் காற்றும் கடவுள் நமக்குக் குடியிருக்கக் கொடுத்த வீடு, காலி செய்யும்போது சுத்தமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்று உருக்கமாகக் கேட்டார். கூட்டம் முழுக்கத் தலையை ஆட்டியது. என் தம்பி மட்டும் எழுந்து, "சரிங்க ஐயா, யார் பெருக்கறது?" என்றான். அவ்வளவுதான். கேள்வி கேட்டவனையே தலைவராக்கிவிட்டு எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

சங்கத்துக்குச் செயலாளர், பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். பொருளாளர், கடைவீதித் தையல்காரர். அவர் வெட்டி மிஞ்சிய துணியில் பை தைத்து, பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக எல்லாருக்கும் கொடுப்பார். அதனால் எங்கள் ஊரில் காய்கறிப் பையைப் பார்த்தே அந்த மாதம் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன ரவிக்கை தைத்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. சாமி காரியத்தில் ஓட்டெடுப்பு கூடாது. மூவரும் கண்ணை மூடி உட்கார வேண்டும். ஒருவர் யோசனையைச் சொல்ல வேண்டும். மனசார ஒப்புக்கொண்டவர் 'சரி' என்று சொல்லிக் கண்ணைத் திறக்கலாம். ஒருவர் கண்ணைத் திறக்காவிட்டாலும் அந்த யோசனை தள்ளுபடி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. டீச்சருக்கு இதில் ஒரு சங்கடம், தையல்காரர் யோசிக்கிறாரா தூங்குகிறாரா என்று அவரால் கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் வேலையாக ஆற்றுப் பாலத்துக்குக் கீழே இறங்கினார்கள். வண்டியில் போகிறவர்கள் பாலத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தி, பழைய சாமி படத்தை ஆற்றில் போட்டு, கும்பிட்டுவிட்டுப் போவது எங்கள் ஊர் வழக்கம். குப்பைத் தொட்டியில் சாமியைப் போட யாருக்குத் துணிவு வரும்? ஆற்றில் போட்டால் சாமி தானாக எங்கேயோ போய்விடும் என்று நினைப்பு. எங்கேயும் போகவில்லை. பாலத்துத் தூணைச் சுற்றி அத்தனை சாமியும் சேற்றில் குப்புறக் கிடந்தது. கண்ணாடிச் சட்டம், தேதி கிழித்துத் தீர்ந்த காலண்டர் அட்டை, லேமினேஷன் போட்ட படம். குப்பை லாரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "தலைவரே, இதை நான் ஏத்த மாட்டேன். எனக்குப் பிள்ளை குட்டி இருக்கு" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

தம்பி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வீட்டு முன்னறையில் கொண்டுவந்து சாத்தினான். மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து அந்த அறை சும்மாதான் கிடந்தது.

"ரெண்டு நாளைக்கு இருக்கட்டும்மா" என்றான் பெண்டாட்டியிடம்.

"சாமிதானே, இருக்கட்டும்" என்றாள் அவளும்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம் கோயிலில் ஒலிபெருக்கி கையில் கிடைத்ததும் இவனுக்கு வேகம் வந்துவிட்டது. "இனிமே யாரும் ஆத்துல போடாதீங்க. எங்ககிட்ட குடுங்க. ஒரு படத்துக்கும் ஒரு அவமரியாதையும் வராம நாங்க முறையா பாத்துக்கறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். என்ன முறை என்று அவனுக்கும் தெரியாது. கேட்டவர்களும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது, அது தங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டும், தங்கள் கையால் போகக் கூடாது. அதற்குத்தான் இப்போது ஒரு சங்கமே இருக்கிறதே!

ஒவ்வொரு வீட்டு அலமாரிக்குப் பின்னாலும் இத்தனை சாமி ஒளிந்திருக்கும் என்று யார் கண்டார்கள்? கட்டுக் கட்டாக வந்தது. சாமி படம் போட்ட கல்யாணப் பத்திரிகை, ஊதுபத்திக் கூடு, மிட்டாய் டப்பா மூடி, எண்களுக்கு நடுவில் சாமி இருக்கும் நின்றுபோன கடிகாரம். நானும் ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன், பொய் சொல்வானேன். முன்னறையில் தரை மறைந்தது, பிறகு ஜன்னல் மறைந்தது. ஜன்னல் மறைந்ததால் பகலிலும் விளக்குப் போட வேண்டி வந்தது. ஊரெல்லாம் விளக்கை அணைத்தவன் வீட்டில் காலை முதல் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

சங்கம் கூடியது. கண்ணை மூடினார்கள்.

"எரிச்சிடலாம்" என்றான் தம்பி.

"லேமினேஷன் எரிஞ்சா விஷப் புகை" என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமல். "ஊரைக் காப்பாத்தத்தான் சங்கம் வெச்சிருக்கோம், இருமவைக்க இல்ல."

"அப்ப புதைச்சிடலாம்" என்றார் தையல்காரர்.

"பிளாஸ்டிக் மண்ணுல மக்காது. நம்ம பேரன் பேத்தி காலத்துலயும் அப்படியே கிடக்கும்."

"சாமிதானே டீச்சர், கிடந்தா என்ன? மண்ணுக்கு நல்லதுதானே."

டீச்சர் அடுத்த யோசனைக்குப் போனார். "லேமினேஷனை உரிச்சிட்டு, காகிதத்தை மட்டும் காகித ஆலைக்கு அனுப்பலாம். அதுதான் சரியான வழி."

"அங்க என்ன பண்ணுவாங்க?"

"கூழாக்கி, அட்டை பண்ணுவாங்க."

"என்ன அட்டை?"

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "முட்டை அடுக்கற அட்டை. செருப்பு டப்பா. அந்த மாதிரி."

அதற்குப் பிறகு தையல்காரர் கண்ணைத் திறக்கவே இல்லை. தேநீர் ஆறிப்போனது. "சாமி மூஞ்சியில செருப்பை வெச்சு மூடுவாங்களா? நான் சரி சொல்ல மாட்டேன்" என்று மூடிய கண்ணோடு சொல்லி முடித்துவிட்டார்.

கோயில் ஐயாவிடம் போய்க் கேட்டார்கள். அவர் சிரித்தார். "கடவுள் படத்துலயா இருக்கார்? எங்கயும் இருக்கார். அது வெறும் காகிதம். தாராளமா கூழாக்குங்க" என்றார். தம்பிக்கு உயிர் வந்தது. "ஐயா, இதை நீங்க கோயில்ல ஒரு வார்த்தை சொல்லிட்டா..." என்றான். "நான் சொன்னேன்னு மட்டும் எங்கயும் சொல்லிடாதீங்க" என்று ஐயா உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் ஐயா வீட்டிலிருந்து இரண்டு கட்டு வந்து சேர்ந்தது.

இப்படி இருக்கும்போதுதான் மச்சான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார்.

மச்சான் என்றால் தம்பி பெண்டாட்டியின் அண்ணன். அவளுக்கு அண்ணன் மட்டுமில்லை, அப்பா அம்மாவும் அவர்தான். பெற்றவர்கள் போன பிறகு, அச்சகத்தில் இயந்திரம் ஓட்டி அவளைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, தான் கட்டிக்கொள்ளாமலே இருந்துவிட்டார். மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தார். கடவுள் நம்பிக்கை துளியும் கிடையாது. அதில் ஒரு வேடிக்கை, அவருடைய அச்சகத்தில் ஆண்டு முழுக்க அடித்ததெல்லாம் சாமி படக் காலண்டர்.

அறுவை சிகிச்சை முடிந்து, ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும் நாளைச் சொல்லிவிட்டார்கள். மாடி ஏறக் கூடாது, தரைமட்டத்தில் தனி அறை வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். தம்பி பெண்டாட்டி கணவனைக் கூப்பிட்டு முன்னறை வாசலில் நிறுத்தினாள். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"ஏங்க, இங்க ஒரு கட்டில் போடணும்."

"போடலாம்மா. சங்கம் ஒரு முடிவு எடுத்ததும்..."

"உங்க சங்கம் கண்ணை மூடிக்கிட்டே இருக்கட்டும். எங்கண்ணன் எனக்காக ஒரு கல்யாணங்கூடப் பண்ணிக்கல. கடைசிக் காலத்துல அந்த மனுஷனுக்குக் காலை நீட்டிப் படுக்க, மானமா மூத்திரம் போக ஒரு ரூம் வேணும். குடுக்க முடியலன்னா நான் அவரைக் கூட்டிட்டு வேற வீடு பாத்துக்கறேன். நீங்க இதுங்களோட இருங்க."

"சாமியைப் போய் இதுங்கன்றியே..."

"நான் கும்பிடறவ, நான் சொல்லலாம். நீங்க எப்பக் கும்பிட்டீங்க?"

தம்பி என்னைப் பார்த்தான். "என்னைப் பாக்காதே, அவ சொல்றது சரி" என்றேன்.

ஆனால் எங்கே கொண்டுபோய் வைப்பது? சங்கம் மறுபடி கூடி மறுபடி கண்ணை மூடியது. தையல்காரர் கடைக்கு மேலே இருந்த பரணை மட்டும் கொடுத்தார். அதில் நாலில் ஒரு பங்குகூட அடங்கவில்லை. மச்சான் வந்து இறங்கிய அன்று, மிச்சத்தைச் சுவரோரமாக ஆளுயரத்துக்கு அடுக்கி, நடுவில் கட்டில் போட்டிருந்தார்கள். தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்தார்கள். மச்சான் தலையைத் திருப்பி நாலு பக்கமும் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நான் பொழைச்சிட்டேனா இல்லையா, உண்மையைச் சொல்லுங்க" என்றார்.

பிறகு பக்கத்தில் இருந்த ஒரு படத்தை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். "அட, இது நான் அடிச்சது. இங்க பாருங்க, மஞ்சள் மை ஒதுங்கிப் போயி மாலை தோளை விட்டு இறங்கியிருக்கு. அன்னிக்கு முதலாளி அந்தக் கத்துக் கத்தினார். வாங்கினவங்க ஒருத்தரும் வாயைத் திறக்கல, கும்பிட்டுட்டு மாட்டிட்டாங்க."

முதல் சில நாள் நன்றாகத்தான் போனது. பிறகு கூட்டம் வந்தது. படம் கொடுக்க வந்தவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். சுவர் முழுக்கச் சாமி, நடுவில் வெள்ளைப் போர்வை போர்த்திய ஒரு பெரியவர். செருப்பைக் கழற்றினார்கள். கும்பிட்டார்கள். மறுநாள் பூவோடு வந்தார்கள், பூவைப் பிளாஸ்டிக் பையோடு வைத்துவிட்டுப் போனார்கள். ஊதுபத்தி ஏற்றினார்கள். மச்சான் இருமினார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் அவரைப் பிடித்து நிற்கவைத்து நாலடி நடக்கவிட்டதை யாரோ பார்த்துவிட்டு, படுத்த படுக்கையாக இருந்தவர் எழுந்து நடந்துவிட்டார் என்று கடைவீதியில் சொல்ல, அதற்கப்புறம் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள். ஆறு சுத்தமாகிவிட்டது உண்மைதான். தம்பி வீட்டு வாசல் மட்டும் தண்ணீர் பாட்டிலும் பூப்பையுமாக நிரம்பியது. சங்கத் தலைவர் காலையும் மாலையும் தன் வாசலையே பெருக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மச்சானுக்கு அவசரம். தங்கை படுக்கைக்கடியில் இருந்த சிறுநீர்க் கலத்தை எடுத்துப் போர்வைக்குள் நீட்டினாள். நிமிர்ந்தால், வாசலில் ஒரு குடும்பமே கைகூப்பிக் கண்ணை மூடி நிற்கிறது. "கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். "ஒரு நிமிஷம்மா, வேண்டிக்கிட்டு இருக்கோம்" என்றார்கள். மச்சானால் அடக்க முடியவில்லை. போர்வை நனைந்தது. அவர்கள் போன பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அங்கேயும் படங்கள்தான். வாழ்நாளில் யாரிடமும் கைநீட்டாத மனுஷன் அப்படியே கிடந்தார்.

தங்கை அழவில்லை. போர்வையை அலசிப் போட்டுவிட்டு வந்து, "அண்ணே, சாயங்காலம் நாம கிளம்பறோம்" என்றாள்.

"எங்கேம்மா போறது? மூணாவது மாடிக்கா?" என்றார் அவர். சுவரோரத்து அடுக்கைக் கண்ணால் அளந்தார். பிறகு, "ஒரு கத்தரிக்கோல் குடு" என்றார்.

"எதுக்கு?"

"இவங்க யாருக்கும் கை வரல. நான் வெட்டறேன். மூஞ்சி தெரியாம நறுக்கிட்டா அப்புறம் அது வெறும் காகிதம். ஆலையில முட்டை அடுக்கினா என்ன, செருப்பு வெச்சா என்ன?"

"பாவம்ணே."

"எனக்குத்தான் அந்தக் கடையில கணக்கே இல்லையேம்மா. எதுல எழுதுவாங்க?"

சங்கம் கட்டிலைச் சுற்றிக் கூடியது. தம்பி யோசனையைச் சொன்னான். எல்லாரும் கண்ணை மூடினார்கள், மச்சான் மட்டும் திறந்த கண்ணோடு அவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கை படாதில்ல?" என்று கேட்டார் தையல்காரர்.

"படாது."

"தகரம், கண்ணாடி, லேமினேஷன் எல்லாம் தனித்தனியா பிரிப்பாரா?" என்றார் டீச்சர்.

"பிரிக்கறேங்க."

மூன்று பேரும் ஒரே மூச்சில் 'சரி' என்று கண்ணைத் திறந்தார்கள். சங்கம் ஆரம்பித்ததிலிருந்து இவ்வளவு சீக்கிரம் ஒன்றும் முடிவானதில்லை. நம்பிக்கை இல்லாத ஒருவரை வைத்துத்தான் அவர்களுக்கு ஒருமனது வந்தது. தையல்காரர் கடைக் கத்தரியைக் கொடுக்கவில்லை. "காகிதம் வெட்டினா மொண்ணையாயிடும்" என்று வேறொன்று வாங்கிவந்து கொடுத்தார்.

தம்பிக்கு மட்டும் உறுத்தல். ஒரு படத்துக்கும் அவமரியாதை வராது என்று ஒலிபெருக்கியில் சொன்னவன் அவன். இப்போது ஒரு நாத்திகர் கட்டிலில் சாய்ந்துகொண்டு சரக் சரக்கென்று வெட்டுகிறார். "சொல்லாம இருந்துடுங்களேன். யார் கேக்கறாங்க?" என்றார் டீச்சர். "முப்பது வருஷம் மீட்டர்ல உள்ளதை உள்ளபடி குறிச்சேன் டீச்சர். இதை மட்டும் மறைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, கோயிலுக்குப் போய் எழுந்து நின்று சொல்லிவிட்டான். என் மச்சான் வெட்டுகிறார், அவருக்குச் சாமி நம்பிக்கை இல்லை, பிடிக்காதவர்கள் வந்து தங்கள் படத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், என்னையும் பதவியிலிருந்து எடுத்துவிடலாம் என்றான்.

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "அவருக்கு நம்பிக்கை இல்லைன்றது நிச்சயமா?"

"நிச்சயம்மா."

"கொஞ்சங்கூட இல்லையா?"

"கொஞ்சங்கூட இல்ல."

"அப்ப அவரே செய்யட்டும். அரைகுறை நம்பிக்கைக்காரங்க கையில குடுத்துடாதீங்க, அவங்களுக்குத்தான் ஆபத்து."

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒருவர்கூடப் படத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு மடங்கு வந்தது.

அதற்குமேல் தம்பி பெண்டாட்டி பொறுக்கவில்லை. நேரே கோயில் ஐயாவிடம் போய், "சாமிக்கு இங்க எடம் இல்லைன்னா, என் வீட்டுல எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டாள். கோயிலுக்குப் பின்னால் உடைந்த நாற்காலி போட்டுவைக்கும் அறை ஒன்று இருந்தது. ஐயா அதைத் திறந்துகொடுத்தார். எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள். கும்பிட வந்தவர்களும் வண்டிக்குப் பின்னாலேயே போனார்கள். முன்னறை ஜன்னலில் வெளிச்சம் வந்தது. அவள் தரையைக் கழுவி, கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி, கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாள். அதற்குள் வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்த அண்ணன் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்ட சத்தம் கேட்டு, சமையலறையில் நின்றபடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம்.

ஆனால் வெட்டுகிற வேலையை வேறு யாரிடமும் கொடுக்க ஊர் ஒப்பவில்லை. மச்சானும் ஒப்பவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடி அடியாகக் கோயில் பின்வாசலுக்குப் போகிறார். அந்த அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம், அச்சு எங்கே பிசகியிருக்கிறது என்று தெளிவாகத் தெரிகிறதாம். கோயில் ஐயா பூஜை முடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். கடவுள் உண்டா இல்லையா என்று இருவரும் மதியம் வரை சண்டை போடுகிறார்கள். நன்றாக அடித்த படம் ஏதாவது வந்தால் மச்சான் வெட்டாமல் ஒதுக்கிவைக்கிறார். கேட்டால், "வேலை சுத்தமா இருக்கு, கெடுக்க மனசு வரல" என்கிறாராம்.

போன மாதம் நான் போனபோது தம்பி ஆற்றோரம் மரக்கன்று வைக்கப் போயிருந்தான். தம்பி பெண்டாட்டி முன்னறைக் கட்டிலில் தனியாக உட்கார்ந்து ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரிப்பு கசங்காமல் இருந்தது.

"எங்கே உன் அண்ணன்?" என்றேன்.

"எங்க இருப்பார்? கோயில்லதான். விடிஞ்சா போறார், பொழுது சாஞ்சா வர்றார். நான்கூட அவ்வளவு நேரம் கோயில்ல இருந்ததில்ல அண்ணி" என்றாள். "இவர் படுக்க எடம் வேணும்னுதான் அத்தனை சாமியையும் வெளிய அனுப்பினேன். இப்ப அதுங்க பின்னாலயே இவரும் போயிட்டார்."